தத்தனேரிக் கட்டு

சில்வண்டு, இன்று காலையில் உன் முகத்தை மிஷினுக்குள் விட்டேன்.

உன் அண்ணன்தான் கொண்டுவந்தார். உன் வருஷ திதிக்காக சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறாராம். அவருக்கு என்னை அடையாளம் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது. கவரிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்து, "லேமினேஷன் போட்டுக் குடும்மா, ஓரம் வெட்டுறப்ப பாத்து வெட்டு" என்றார். குனிந்து பார்த்தால் நீ. பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, மூடின வாய். நீ வாயை மூடி நான் பார்த்ததே இல்லையா, ஒரு நிமிஷம் வேற யாரோ என்றுதான் நினைத்தேன்.

தினமும் எத்தனையோ பேரை அந்த உருளைக்குள் அனுப்புகிறேன். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், செத்துப்போனவர் படம், பிறந்த பிள்ளையின் ஜாதகம். பிளாஸ்டிக் சூடாகும் வாசம் என் மூக்குக்கு எட்டி வருஷக்கணக்காகிறது. இன்றைக்கு எட்டியது. போட்டோ கோணலாக நுழையப் பார்த்தது, இழுத்து நேராக்கி விட்டேன். உன் பூ போனது, நெற்றி போனது, அப்புறம் அந்தப் பக்கம் சூடாக வந்து விழுந்தாய்.

அப்போதிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு பத்திரத்தை இரண்டு தடவை நகல் எடுத்துவிட்டேன். டீ வாங்கப் போய் டீ வாங்காமலே வந்தேன். "என்னாத்தா, காலுல சக்கரம் கட்டியிருக்கியா?" என்று என் முதலாளி, எங்கள் ஜெராக்ஸ் கடைக்கார அண்ணன் கேட்டார். வீணாய்ப் போன தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். இந்தப் பக்கத்துக்குள்ளேயே இரண்டு தரம் எழுந்து போய்விட்டு வந்தேன்.

நாம் பழகியதே இந்த மிஷினால்தானே. ரெண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். தல்லாகுளத்தில் கோர்ட்டுக்கு வருகிறவர்கள் நெரித்துக்கொண்டு நிற்கிற ஒரு முற்பகலில் நீ எங்கள் கடைக்குள் வந்து, ஒரு கவரை என் முன்னால் போட்டு, "இதுல இருக்கறத லேமினேஷன் போட்டு வையி, பத்து நிமிஷத்துல வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாய். கவரில் ஏதோ ஒரு சீட்டாட்டத்தின் விதிகளை உன் அண்ணன் எழுதிய இரண்டு தாள் இருந்தது. அதன் பின்னால் பன்னிரண்டு படச் சீட்டு இருந்தது. பளபளவென்று, உள்ளங்கை அளவு. இவ்வளவு நல்ல சீட்டு கசங்கிவிடக் கூடாதே என்று அந்தப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக வைத்து, ரேஷன் கார்டுக்குப் போடுவது போலவே நாலு பக்கமும் ஓரம் விட்டுப் போட்டேன். இருந்ததிலேயே பொறுமையாகச் செய்த வேலை அது.

நீ வந்து பார்த்துவிட்டுப் போட்ட கத்தலில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் பேனாவைக் கீழே விட்டார்.

"அடிப் பாவி! தாளத்தான போடச் சொன்னேன், சீட்டையும் போட்டு என்னா காரியம் பண்ணி வச்சிருக்க?"

"கவர்ல இருக்கறதப் போடச் சொன்னீங்க, போட்டுட்டேன். இனிமே மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது."

"மழையில நனையவா எங்கண்ணன் சிங்கப்பூர்ல இருந்து அனுப்புனான்? இம்புட்டுத் தடியா இருந்தா கட்டுல எப்படிக் கலக்குறது? போட்டியில எவன் சேப்பான்?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாய். கொம்பு வைத்த ராட்சசன் ஒருத்தன், பிளாஸ்டிக்குக்குள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாய். "இவனுக்கு ரேஷன்ல சீனி குடுப்பாங்களாடி?" என்றாய். சிரித்து முடித்துவிட்டு எனக்குத் தண்டனை சொன்னாய்: "இத வச்சு இனி வெளியில ஆட முடியாது. அதனால நீ எங்கூட ஆடணும். வேற வழியில்ல, மிஷினு."

அன்றைக்கு வைத்த பேர்தான். என் சொந்தப் பேரை நீ கேட்கவே ஒரு மாசம் ஆனது. நானும் பதிலுக்கு உனக்குச் சில்வண்டு என்று வைத்தேன். பேச்சை நிறுத்தினால்தானே.

மதியம் கோர்ட்டு சாப்பாட்டு நேரத்தில் கடை காலியாகும். வெள்ளைத்தாள் கட்டுகளை அடுக்கி மேசையாக்குவோம். எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. இங்கிலீசு எழுத்துக்கூட்டத்தான் வரும், அதுவும் பெரிய எழுத்தாக இருந்தால். சீட்டில் கடுகு மாதிரி எழுத்து. நீ ஒவ்வொன்றையும் படித்து அர்த்தம் சொல்வாய், நான் படத்தைப் பார்த்து மனசில் வைத்துக்கொள்வேன். அப்படி உன் அண்ணன் அனுப்பிய பெட்டியிலிருந்த அத்தனை சீட்டும் எனக்குப் படமாகவே பாடமானது. ஒவ்வொன்றுக்கும் நாமே பேர் வைத்தோம்.

ஆளுக்கு அறுபது சீட்டு. கையில் ஏழு. ஆளுக்கு இருபது உயிர், அது யாருக்கு முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். பெரிய ராட்சசனை இறக்கினால் சீக்கிரம் தீர்த்துவிடலாம், ஆனால் அவனை இறக்க எட்டு சுற்று காத்திருக்க வேண்டும். பயன்படுத்திய சீட்டும் செத்த சீட்டும் போய் விழுகிற குவியல் ஒன்று உண்டு. இங்கிலீசில் அதற்குக் கல்லறை என்று பேர் என்றாய். எனக்கு நீ கொடுத்த கட்டு அந்தக் குவியலை வைத்து ஆடுகிற கட்டு. கொம்பு வைத்த அந்த ராட்சசன்தான் கொம்பன், பிளாஸ்டிக் போடாத இன்னொரு கொம்பனும் உன் பெட்டியில் இருந்தான். அவனைக் கையிலிருந்து நாமே அந்தக் குவியலில் வீசிவிட வேண்டும். பிறகு 'கை' என்கிற சீட்டைப் போட வேண்டும். மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு கை மேலே வருகிற படம். அதைப் போட்டால் குவியலில் கிடப்பவன் எழுந்து மேசைக்கு வந்துவிடுவான். எட்டாவது சுற்றில் வர வேண்டியவன் இரண்டாவது, மூன்றாவது சுற்றிலேயே.

"நம்ம ஆள நாமளே குழியில தள்றதா? என்னடி ஆட்டம் இது?" என்று கேட்டேன்.

"தள்ளுனாத்தான் வெரசா வருவான்" என்றாய்.

இந்தக் கட்டுக்கு ஒரே ஒரு எமன் உண்டு. நரி. மண்ணைத் தோண்டுகிற நரி படம். எதிராளி சமயம் பார்த்து அதைப் போட்டால் குவியலில் இருக்கிறதெல்லாம் ஆட்டத்தை விட்டே போய்விடும். கொம்பன் போனான், அப்புறம் என்னிடம் ஒன்றும் இல்லை. உன் பெட்டியில் நரி ஒன்றுதான் இருந்தது. அதை எப்போதும் உன் கட்டிலேயே வைத்துக்கொண்டாய்.

ஒரு வெள்ளிக்கிழமை கீழவாசலில் உன் வீட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது நான் உரக்க, "சுடுகாட்டுல போட்டாச்சு" என்றேன். உன் அம்மா கையில் விளக்கோடு நின்று உன்னிடம் உங்கள் சௌராஷ்டிரப் பேச்சில் படபடவென்று திட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பி எனக்காகத் தமிழில், "வெளக்கேத்துற நேரத்துல என்னாம்மா பேச்சு இது?" என்றார். நீ உடனே, "சரிம்மா, இனிமே தத்தனேரின்னு சொல்றோம்" என்றாய். மதுரையில் பிறந்த யாருக்குத் தெரியாது, தத்தனேரி என்றால் சுடுகாடுதான் என்று. "இதுக்கு மொதச் சொன்னதே தேவல" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து குவியல் தத்தனேரி, என் கட்டு தத்தனேரிக் கட்டு. "கொம்பன் எங்க?" "தத்தனேரி போயிருக்கான், இப்ப வந்துருவான்." எத்தனை தடவை சொல்லியிருப்போம்.

நீ இரண்டு பழக்கம் சொல்லிக் கொடுத்தாய். ஒன்று, சீட்டைப் போட்டதும் "சரியா?" என்று கேட்க வேண்டும். எதிராளி தடுக்க ஏதாவது வைத்திருந்தால் அப்போதே போட வேண்டும், இல்லாவிட்டால் "சரி" என்று சொல்ல வேண்டும். இது ஆட்டத்தின் விதி. இன்னொன்று நாம் இரண்டு பேரும் வைத்துக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் தோற்றவள் கையில் மிஞ்சிய சீட்டை விரித்துக் காட்ட வேண்டும். "என்ன வச்சிருந்தும் தோத்தோம்னு ரெண்டு பேருக்கும் தெரியணும். மறைச்சா அடுத்த ஆட்டத்துல ரெண்டு பேரும் கழுதையாத்தான் நிப்போம்" என்பாய். ஒரு நாளும் இதை விட்டதில்லை. நான் அழுதுகொண்டே விரித்த நாள்கூட உண்டு.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ என்னைக் கூட்டிப்போன கம்ப்யூட்டர் சென்டர் மாடி, இதே ஆட்டம் ஆடுகிற இடம். காலேஜ் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர். வீட்டில் என் அம்மாவிடம் சீட்டாடப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, "போலீசு வந்து அள்ளிட்டுப் போவான்டி" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று மாற்றிச் சொல்லி, கோச்சடையிலிருந்து பஸ் ஏறி வருவேன். முதல் நாள் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பையன் என் எதிரில் உட்கார்ந்து, "அக்கா, இது ரம்மி இல்ல, தெரியும்ல?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நீ பக்கத்து மேசையிலிருந்தே, "அதெல்லாம் தெரியும் மாப்ள, நீ மொதல்ல சீட்டைக் கலை" என்றாய். மூன்றாவது சுற்றில் அவன் முன்னால் கொம்பன் நின்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். அப்போதும் நின்றான். "அக்கா, இன்னொரு ஆட்டம்?" என்றவன் அதன் பிறகு என்னை எழுந்து நின்றுதான் கூப்பிட்டான்.

நான் அதற்கு முன்னால் எதிலும் ஜெயித்ததில்லை, சில்வண்டு. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு சோப்பு டப்பாவாவது பரிசு வாங்கிவிடும். நான் கைதட்டிய பிள்ளை.

பெங்களூரில் பெரிய போட்டி, மதுரையிலிருந்து ஒரே ஒரு ஆள் போகலாம், நம் மாடியில் ஜெயிக்கிறவர் யாரோ அவர் என்று சொன்னார்கள். அந்த வாரம்தான் உனக்குச் சேலத்தில் மாப்பிள்ளை முடிவானது. தையில் கல்யாணம். பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொன்னாய்: "அங்க போயிட்டா இதெல்லாம் யாரும் ஆட விட மாட்டாங்கடி. பெங்களூர்ல ஒரே ஒரு தடவ ஆடிட்டு வந்துட்டேன்னா போதும். அப்புறம் கழுத்த நீட்டுன்னா நீட்டிட்டுப் போறேன்."

பிறகு, "ஒனக்கு ஆசையில்லையா மிஷினு?" என்று கேட்டாய்.

"எனக்கென்ன ஆசை" என்றேன். நீ என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாய். என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். எனக்கு ஆசை இருந்தது. உன்னளவுக்கு இருந்தது. அதை மறைக்கத் தெரிந்த மூஞ்சி எனக்கு இல்லை என்று நீதான் எப்போதும் சொல்வாய்.

கடைசி மேசைக்கு நாம் இரண்டு பேருமே வந்து சேர்ந்தோம். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். ஆளுக்கொன்று ஜெயித்தாயிற்று. மூன்றாவதைப் பார்க்கப் பையன்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். சோடாபுட்டி, "அக்காக்களா, யாராச்சும் ஒருத்தர் கொஞ்சம் சிரிங்க, பயமாருக்கு" என்றான். நாம் சிரிக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் கொம்பனைத் தத்தனேரிக்கு அனுப்பினேன். உன் முறை வந்தது. ஒரு சீட்டு எடுத்தாய், ஒன்றை இறக்கினாய். உன் கையில் ஐந்து சீட்டு மிச்சம். என் முறை. 'கை'யைப் போட்டேன். "சரியா?" என்றேன்.

நீ சீட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். உன் கட்டை விரல் கையிலிருந்த ஒரு சீட்டின் மூலையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. எம்புட்டு நேரம் என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து ஒருத்தன் "டைம்" என்றான். அப்புறம் நீ "சரி" என்றாய்.

கொம்பன் எழுந்து வந்தான். மூன்று சுற்றில் உன் இருபதும் தீர்ந்தது. பையன்கள் மேசையைத் தட்டினார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷத்திலும் பழக்க தோஷம், "கையைக் காட்டுடி" என்றேன். நீ கையிலிருந்ததைக் கட்டுக்குள் சொருகி, கலைத்து, அது எங்கே போனது என்றே தெரியாதபடி இன்னொரு தரமும் கலைத்து, "ஜெயிச்சவளுக்கு எதுக்கு அது? போடி, ஜிகர்தண்டா வாங்கிக் குடு" என்றாய். எழுந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் கிள்ளினாய். வலித்தது.

நான் பெங்களூர் போனேன். இடத்தை உனக்குக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் வாங்கியிருப்பாயோ மாட்டாயோ, நான் கேட்கவே இல்லை. கடைக்கார அண்ணனின் சம்சாரம் பெங்களூரில் அவர் தங்கச்சி வீட்டுக்குப் போகவிருந்தார், அவரோடு ஒட்டிக்கொண்டேன். உன் தத்தனேரிக் கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

இதுவரை உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். திரும்பி வந்ததும், "நாலாவது ஆட்டம் வரைக்கும் போனேன், அங்கதான் தோத்தேன்" என்றேனே, அது பொய். முதல் ஆட்டமே போனது, இரண்டாவதும் போனது. அங்கே ஒருத்தன் கிழவி ஒருத்தி வாசல் பெருக்குகிற படம் போட்ட சீட்டை மேசையில் வைத்து ஏதோ கேட்டான். நான் பார்க்காத படம். பெருக்குகிற கிழவி என்ன செய்துவிடப் போகிறாள் என்று தலையாட்டிவிட்டேன். என் குவியலை மொத்தமாக எடுத்து ஓரத்தில் வைத்தான். சீட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எழுத்துக்கூட்டினேன். நரிதான். அதே பேர், அதே எழுத்து. படம் மட்டும் வேறு. ஒரே சீட்டை வேறு வேறு படத்தோடு போடுவார்களாம். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. உனக்கு இருந்திருக்காது. நீ போயிருந்தால் அந்தக் கிழவியைப் பார்த்ததும் சிரித்திருப்பாய்.

நீ கல்யாணச் சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, "ஒவ்வொரு ஆட்டமா சொல்லு, ஒண்ணு விடாம" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். நான் ஒவ்வொரு ஆட்டமாகக் கட்டிச் சொன்னேன். இல்லாத எதிராளிகள், இல்லாத சீட்டுகள். உன் கண் அப்படி மின்னியது. அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் போட்ட பன்னிரண்டு மட்டும் என்னிடம் தங்கியது.

சேலத்திலிருந்து கடை நம்பருக்கு எப்போதாவது பேசுவாய். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். "அந்தக் கடைசி ஆட்டத்துல…" என்று ஆரம்பிப்பேன். "வச்சிர்றேன்டி, மாமியார் வர்றாங்க" என்பாய். நிஜமாகவே மாமியார் வந்தாரா? அதுவும் எனக்குத் தெரியாது. இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். நமக்கு என்ன வயசாகிவிட்டது என்றிருந்தேன்.

போன வருஷம் காய்ச்சல் என்றார்கள். நாலே நாள். உன்னை மதுரைக்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று தெரிந்து கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். உன்னைத் தூக்கியபோது நானும் நடந்தேன். தெருமுக்கில் பெரியவர் ஒருத்தர் கையை நீட்டி, "பொம்பளப் புள்ளைங்க இதுக்கு மேல வரக் கூடாதும்மா" என்றார். ஒரு நாளைக்கு ஐம்பது தரம் தத்தனேரிக்குப் போய்த் திரும்பினவர்கள் நாம். அவரிடம் அதை எப்படிச் சொல்வேன். பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

இன்றைக்குக் காலையில் உன் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். போட்டோவைக் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, அந்தச் சீட்டெல்லாம் இருக்கா?" என்றேன். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"எந்தச் சீட்டு? ஒனக்கெப்படிம்மா தெரியும்?"

"கூட ஆடுனவதான்."

அவர் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மிஷினா?" என்றார். தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "அதெல்லாம் அவகூடவே வச்சு அனுப்பிட்டாங்கம்மா, எங்கம்மா. அவளுக்குப் புடிச்சதுன்னு. எங்கம்மாவுக்கு அந்த ஆட்டமே ஆகாது, ஆனா அவங்கதான் எடுத்து வச்சாங்க."

ஆக, பெட்டியும் போயிற்று. நரியும் போயிற்று. அப்படியே பெட்டி இருந்தாலும் அது என்ன சொல்லிவிடப் போகிறது, கலைத்த கட்டுதானே.

அவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "ஒன்னையப் பத்தி ஃபோன்ல சொல்லியிருக்கா. 'மிஷினு என்னைய நேர்மையாத் தோக்கடிச்சாண்ணே'ன்னு. ஏதோ அவளே ஜெயிச்ச மாதிரி அம்புட்டுப் பெருமை" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதிலிருந்துதான் இந்த அலைச்சல். தோற்கடித்தாள் என்று சொன்னால் போதாதா? நேர்மையாக என்று எதற்குச் சேர்த்துச் சொன்னாய்? நேர்மையாகத் தோற்றவளுக்கு அந்த வார்த்தை எதற்கு? இல்லை, நீ எப்போதும் ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை பேசுகிறவள், அது அப்படி வந்து விழுந்ததா? காலையிலிருந்து இதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நேரம் நீ விட்டுக்கொடுத்தாய் என்று படுகிறது, உன்மேல் கோபமாக வருகிறது. என் வாழ்க்கையில் நானாக ஜெயித்தது அது ஒன்றுதான், அதையும் நீயே கொடுத்தாயா என்று. இன்னொரு நேரம் உன் விரல் சும்மா தேய்த்தது, சீட்டு ஏதோ ஒன்று, நான்தான் ஜெயித்தேன் என்று படுகிறது. அப்போது ஒரு நிமிஷம் உட்கார முடிகிறது. பிறகு அந்தப் பெருக்குகிற கிழவி நினைவுக்கு வருகிறாள், எழுந்துவிடுகிறேன்.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. யாருக்கு எந்தத் தாளைக் கொடுத்தாலும், "சரியா?" என்று கேட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவசரக்காரர்கள், கோர்ட்டுக்கு ஓடுகிறவர்கள், உடனே "சரி, சரி" என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒருத்தரும் நீ எடுத்துக்கொண்ட நேரத்தை எடுத்ததில்லை.

இப்போது ஆட்டம் முடிந்துவிட்டது, சில்வண்டு. பையன்கள் போய்விட்டார்கள், பார்க்க யாரும் இல்லை. நான் பொய் சொன்னதையும் விரித்துக் காட்டிவிட்டேன். நீயும் காட்டு. அன்றைக்கு உன் கையில் நரி இருந்ததா?